வேப்பிலை கட்டிய எல்லை

காஜா பெராங்கில் எங்கள் தெரு முடியும் இடத்தில் ஒரு லோங்காங் ஓடியது. நான்கு அடி அகலம், மண் கரை, குறுக்கே இரண்டு தென்னந்தண்டுகள் போட்ட பாலம். சாக்கடைதான், ஆனால் மலாக்காவில் அதை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. லோங்காங்கிற்கு இந்தப் பக்கம் நாங்கள் இருந்தோம். குமாஸ்தாக்கள், ஜாலான் பெண்டஹாரா சாலைத் துணிக்கடைகளில் வேலைக்கு நின்றவர்கள், ஒரு பள்ளி ஆசிரியர். அந்தப் பக்கம் ஒரே கூரையின் கீழ் இருபத்திரண்டு கதவுகள் கொண்ட நீண்ட வரிசை வீடு, லயம். அங்கிருந்தவர்கள் ரப்பர் தோட்டங்களை விட்டு நகரத்துக்கு வந்தவர்கள். நகரத்தின் குப்பை வண்டியையும் மலக்கூடை வண்டியையும் இழுத்தவர்கள். எங்களுக்கு மேற்கே மலாக்காச் செட்டிகள். எங்கள் பாட்டன்மார் கப்பல் ஏறுவதற்கு வெகு காலம் முன்பே வந்து, வீட்டில் மலாய் பேசி, தங்கள் கோயில்களைத் தாங்களே பார்த்துக்கொண்டவர்கள்.

இந்தக் குடியிருப்புகளுக்கு இடையே எந்த அலுவலகமும் கோடு போட்டிருக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்து வீட்டு எண்கள் லோங்காங்கைத் தாண்டி வரிசையாகவே போயின. எங்கள் எல்லையை ஆண்டுக்கு ஒரு முறை வேப்பிலைதான் சொல்லும்.

தெருவின் நடுவில், தகரக் கூரை போட்ட ஒரு சிறிய மாரியம்மன் கோயில் இருந்தது. ஆடியில் பத்து நாள் திருவிழா. முதல் நாள் பூசாரி நான்கு இடங்களில் வேப்பங்கொத்தும் மஞ்சள் துணியும் கட்டுவார். அந்த நான்கு இடங்களுக்குள் குடியிருக்கும் வீட்டுத் தலைவர்களின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார். அதுதான் காப்பு. காப்புக் கட்டிவிட்டால் பத்து நாளும் எல்லைக்கு வெளியே ஓர் இரவுகூடத் தங்கக்கூடாது. வெளியூரில் இருப்பவர் அதற்குமுன் வந்துவிட வேண்டும். மீறினால் அம்மை வரும் என்பார்கள். எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனாலும் ஒரு முறைகூட நான் மீறியதில்லை.

கிழக்குப் பக்கத்து வேப்பங்கொத்து, லோங்காங்கிற்கு இந்தக் கரையில் நின்ற கம்பத்தில் கட்டப்படும். லயத்துக்காரர்கள் கோயிலுக்கு வரலாம், தேங்காய் உடைக்கலாம், தப்பும் அடிக்கலாம். காப்பு மட்டும் கிடையாது. ஏனென்று யாரும் விளக்கியதில்லை. விளக்கத் தேவையில்லாத அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

என் அக்கா அந்த லோங்காங்கைத் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டாள்.

மச்சான் குப்பை வண்டி ஓட்டியவர். எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு நாள்தோறும் வருபவர். எப்படித் தொடங்கியது என்று நான் கேட்டதில்லை. ஒரு நாள் காலை அக்கா இரண்டு சேலைகளோடு அந்தப் பாலத்தைக் கடந்து போனாள். எங்கள் வாசலிலிருந்து அவள் கதவு எண்பத்து மூன்று அடி. நானே நடந்து எண்ணியிருக்கிறேன். நான்கு ஆண்டுகளில் என் அப்பா அந்த எண்பத்து மூன்று அடியை ஒரு முறையும் நடக்கவில்லை. அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை இந்தக் கரைக்கு வந்து நின்றால் அப்பா நாளிதழைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார்.

அப்பா நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுபவர். மெல்லிய கோடும் தடித்த கோடும் ஒரே பேனாவில் இழுப்பார். கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. ஜப்பான்காரன் வந்து நகரத்தை வீட்டுக் கூட்டங்களாகப் பிரித்தபோது, எங்கள் பிரிவுக்கு அவரைத்தான் தலைவர் ஆக்கினார்கள். அரிசிப் பங்கீடு, குடும்பப் பதிவு, புதிதாக யார் வந்து தங்குகிறார்கள் என்ற தகவல், எல்லாம் பிரிவுத் தலைவர் வழியாக. நான் அதற்குமுன் ஒரு தமிழ் நாளிதழுக்கு மலாக்காச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அது நின்றுபோனது. அப்பாவுக்கு எழுத்தராகச் சேர்ந்தேன். சட்டைக் கையில் ஒரு வெள்ளைத் துணிப் பட்டை கொடுத்தார்கள். அந்தப் பட்டை இருப்பவனை லாரியில் ஏற்ற மாட்டார்கள்.

லாரி என்றால் அப்போது எல்லோருக்கும் தெரியும். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் போனவர்கள் மூன்று மாதத்தில் வருவதாகச் சொல்லிப் போனார்கள். ஆறு மாதமாகியும் ஒரு கடிதம் இல்லை. அதன்பின் யாரும் தானாகப் போகவில்லை. பகலில் வீடுகளில் புகுந்து பிடித்தார்கள். லயத்தில் பாதிப் பேருக்கு நகரசபை வேலையும் போயிருந்தது. வேலை அட்டை இல்லாதவன்தான் முதலில் அகப்படுவான். மச்சானும் இன்னும் சிலரும் ஊருக்கு வெளியே புக்கிட் காதில் என்ற இடத்தில் காடு வெட்டி மரவள்ளி நட்டு, அங்கேயே குடிசையில் தங்கிவிட்டார்கள். அக்கா வயிற்றில் இரண்டாவது குழந்தை. வாரத்துக்கு ஒரு நாள் நான் சைக்கிளில் போய் உப்பு கொடுத்துவிட்டுக் கிழங்கு வாங்கி வருவேன். டியூப் கிடைக்காத காலம். சக்கரத்தில் கெட்டி ரப்பரைச் சுற்றியிருந்தேன். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து தட்டும்.

அந்த ஆண்டு ஆடிக்கு முன்னால் கோயிலில் கூட்டம் போட்டார்கள். திருவிழா நடத்துவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. கூழ் ஊற்றக் கேழ்வரகு இல்லை. பூசாரி, மரவள்ளி மாவில் கிண்டிவிடலாம், அம்மனுக்குத் தெரியாதா நம் நிலைமை என்றார். அப்போது அப்பா எழுந்தார். கோயில் கூட்டத்தில் அவர் பேசுவது அரிது.

"இந்த வருஷம் கிழக்கு வேப்பிலைய லயத்துக் கடைசியில கட்டணும்," என்றார்.

துணிக்கடைக்காரர் ஒருவர்தான் கேட்டார்: "லயத்துக்காரங்களுக்கும் காப்பா?"

"எல்லாரும் ஒரே பிரிவு. ஒரே எடத்துல அரிசி வாங்குறோம். ஜப்பான்காரன் படத்துல ஒண்ணா இருக்கோம், அம்மன் படத்துல மட்டும் ஏன் தனியா இருக்கணும்?"

"அது இல்ல, ஐயா, இவ்ளோ நாளா..."

"இவ்ளோ நாளா தப்பா இருந்துச்சு."

இந்தச் சொற்களை நான் அன்று வீட்டுக்கு வந்ததும் குறித்து வைத்தேன். பழக்கம். ஒரு நல்ல செய்தி கிடைத்தவனின் மகிழ்ச்சியும் இருந்தது. லயம் எங்கள் பிரிவில் அதற்கு மூன்று வாரம் முன்புதான் சேர்க்கப்பட்டிருந்தது. வரைபடத்தை அப்பாவே திருத்திக் கொடுத்திருந்தார். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நான் நேராகப் பாலத்தைக் கடந்து அக்காவிடம் சொன்னேன். அவள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"யாரு, நம்ம அப்பாவா?"

"ஆமாக்கா."

"போடா, பொய் சொல்லாத."

"அம்மன் மேல சத்தியமா. தப்பா இருந்துச்சுன்னு எல்லார் முன்னுக்கும் சொன்னாரு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பலகாரம் விற்க அந்தப் பக்கம் வந்த ஒரு செட்டிக் கிழவி வேலியோரம் நின்று என்ன சேதி என்று மலாயில் கேட்டாள். அக்கா மலாயில் சொன்னதும் கிழவி சிரித்தாள். "பாகுஸ்லா! சூடா சாத்து கம்போங்!" நல்லது, ஒரே ஊராகிவிட்டீர்கள் என்றாள். அக்காவும் சிரித்தாள். அந்த ஆண்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பிறகு சொன்னாள்: "தம்பி, காப்புக் கட்ட ஆம்பள வேணும். நம்ம வீட்டுக்கு மொத மொதல்ல கட்றாங்க. அவரு இல்லாம எப்படிடா?"

காப்புக்கு முந்தின நாள் புக்கிட் காதிலுக்குப் போனேன். மச்சான் கிழங்குக் குழியில் முழங்கால் வரை மண்ணாக நின்றிருந்தார்.

"வேணா மாப்ளே. பத்து நாளு வீட்ல படுத்தா பிடிச்சிருவான்."

"பிரிவுத் தலைவரு யாரு? அப்பா. லாரி வர்றதா இருந்தா மொதல்ல அவருக்குத்தானே தெரியும்? அவரே கூப்பிட்டு எல்லைக்குள்ள சேக்குறாரு."

"என்னையா சேக்குறாரு? நாலு வருஷமா என் மூஞ்சியப் பாத்ததில்ல ஒங்கப்பா. குப்ப வண்டி மணி அடிச்சா மட்டும் எட்டிப் பாப்பாரு."

"அதான் இப்ப மாறிட்டாரே, மச்சான்."

அவர் மண்வெட்டியின் பிடியைக் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒங்கக்கா என்ன சொன்னா?"

"வரச் சொன்னா."

"அப்ப சரி," என்று குழியிலிருந்து ஏறினார். கூட இருந்தவர்களில் ஆறு பேரும் வந்தார்கள். காப்பு தங்களுக்கும் உண்டு என்று கேட்டபிறகு காட்டில் இருக்க அவர்களால் முடியவில்லை. அது தெரிந்துதான் நான் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன்.

மறுநாள் பூசாரி லயத்தின் கடைசிக் கம்பத்தில் வேப்பங்கொத்தைக் கட்டினார். அப்பா கீழே நின்று ஏணியைப் பிடித்தார். கோயிலில் காப்புக் கட்டும்போது தலைக்கட்டுப் பட்டியல் எழுதுவது என் வேலை. வீட்டுக்கு ஒரு பெயர். அந்தப் பெயருக்கு உரியவர்தான் கூழுக்கு மாவு தரவேண்டும், கரகம் தூக்க முறை கேட்கலாம். எங்கள் தெருவின் பெயர்களுக்குக் கீழே ஒரு வெற்று வரி விட்டு லயத்தின் பெயர்களை எழுதினேன். பிறகு அந்த வெற்று வரி அசிங்கமாகத் தோன்றியது. தாளைக் கிழித்துவிட்டு இடைவெளி இல்லாமல் மறுபடி எழுதினேன். மச்சான் பெயர் கடைசி. பட்டியலை அப்பா வாங்கி ஒருமுறை முழுவதும் படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அதில் வியப்பில்லை. கோயில் காகிதங்கள் அவரிடம்தான் இருக்கும்.

ஏழாம் நாள் கூழ். கடிகாரங்கள் டோக்கியோ நேரத்தில் பத்து காட்டின. வெயில் எட்டரை மணிக்குரியது. காப்புக் கட்டிய ஆண்கள் கோயில் வாசலில் வரிசையாக நின்றார்கள். முதல் முறை என்பதால் லயத்துக்காரர்களை முன்னால் நிற்க விட்டிருந்தார்கள். அதுவும் அப்பா சொன்னதுதான். மச்சான் கையில் சிரட்டை வைத்திருந்தார். அக்கா பெண்கள் பக்கம் குழந்தையோடு நின்றாள்.

லாரி மேற்குப் பக்கமிருந்து வந்தது. ஒன்றுதான். முதலில் யாரும் பதறவில்லை; அந்தத் தெருவில் அரிசி லாரி வருவதுண்டு. நான்தான் கிழக்கே திரும்பிப் பார்த்தேன். லயத்துக் கடைசியில், வேப்பங்கொத்துக் கட்டிய கம்பத்தின் கீழ், துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். வடக்குக் கம்பத்தில் இரண்டு பேர். தெற்கிலும் இரண்டு. எங்கள் எல்லை முடியும் நான்கு இடங்களும் வெளியாட்களுக்குத் தெரியாது. யாராவது குறித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

லாரியிலிருந்து ஒரு போலீஸ்காரன் இறங்கினான். உள்ளூர் ஆள், தமிழ் தெரியாது. கையிலிருந்த தாளைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டான். அவன் வாயில் பெயர்கள் உடைந்து வந்தன. பெண்கள் பக்கம் ஒருத்தி சிரித்தாள். முன்வரிசையில் இருப்பவர்களுக்குக் கூழ் ஊற்றத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். கூப்பிடப்பட்ட முதல் ஆள் சிரட்டையோடே முன்னால் போனான். இரண்டாவது ஆளின் கையைச் சிப்பாய் முறுக்கியபோதுதான் சிரிப்பு நின்றது.

பன்னிரண்டாவது பெயர் மச்சானுடையது. அவர் ஓடவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எழுத எளிதாக இருக்கும். 'நீ சொன்னாயே' என்று கேட்பதுபோலத்தான் பார்த்தார்.

நான் போலீஸ்காரனிடம் ஓடினேன். என் கைப்பட்டையைப் பார்த்து அவன் தள்ளிவிடவில்லை. தவறு நடந்திருக்கிறது, இவர் பிரிவுத் தலைவரின் மருமகன் என்று மலாயில் சொன்னேன். அவன் தாளை என் முன்னால் நீட்டினான். அது என் தலைக்கட்டுப் பட்டியல். என் கையெழுத்து. அதன் ஓரத்தில், தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்காக, பன்னிரண்டு பெயர்கள் மட்டும் ஆங்கிலப் பேரெழுத்துகளில் எழுதப்பட்டிருந்தன. மெல்லிய பேனா, கறுப்பு மை, ஒரே உயரம், ஒரே சாய்வு. வரைபடங்களில் ஆறுகளின் பெயரை அப்பா அப்படித்தான் எழுதுவார்.

லாரி புறப்பட்டபோது கூழ் அண்டா நிறைந்தே இருந்தது.

அப்பா வீட்டில் மேசைமுன் உட்கார்ந்திருந்தார். அன்று கோயிலுக்கு அவர் வரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"பட்டியல் எப்படிப்பா அவன் கைக்குப் போச்சு?"

"பிரிவுக்குப் பன்னெண்டு பேரு கேட்டான். ஆள் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி இல்ல, பிரிவுக்கு இவ்ளோன்னு கேட்டான். சின்னப் பிரிவுக்கும் பன்னெண்டு, பெரிய பிரிவுக்கும் பன்னெண்டு." கணக்கு வாத்தியார் விளக்குவதுபோலச் சொன்னார். "லயம் உள்ள வந்தாலும் அதே பன்னெண்டுதான். எங்கேருந்து எடுக்குறதுங்கிறதுதான் மாறும்."

"அதுக்காகவா வேப்பிலைய நகத்துனீங்க?"

"வேற எப்படி அவனுங்க வீட்ல இருப்பானுங்க?"

"அக்கா வீட்டுக்காரருப்பா."

"இந்தத் தெருவுல மட்டும் பன்னெண்டு எடுத்தா மொத ஆளு நீ. ஒன் கையில கட்டியிருக்கிறது ஒரு வருஷம்கூடத் தாங்காத துணி."

"அவரு பேர மட்டுமாவது விட்டிருக்கலாம்ல."

அவர் பேனாவின் முனையைத் துணியால் துடைத்தார். "காட்டுல இருக்கான்னு நெனச்சேன்," என்றார். "வருவான்னு எனக்குத் தெரியாது."

அது பொய். பட்டியலை என் முன்னால்தான் முழுவதும் படித்தார். காப்புக் கட்டியவர் பெயர்தான் அதில் ஏறும். மேலும், மச்சானின் பெயரைப் பேரெழுத்தில் எழுதியபோதும் அந்தக் கை நடுங்கவில்லை.

என்னைக் காப்பாற்ற அப்பா ஒருவரைக் கொடுத்திருக்கிறார். அந்த ஒருவரைக் காட்டிலிருந்து அழைத்து வந்தவன் நான். அப்பா என்னிடம் போய்க் கூட்டிவா என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'தப்பா இருந்துச்சு' என்ற இரண்டு சொற்களை நல்ல செய்தியாளன் கேட்கும் இடத்தில் சொன்னார். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பான் என்று அவருக்குத் தெரியும்.

அக்கா அன்று அழுததை நான் பார்க்கவில்லை. மாலையில் அவள் லயத்துக் கடைசிக்குப் போனாள். எட்டு மாத வயிற்றோடு ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, கம்பத்திலிருந்த வேப்பங்கொத்தை அவிழ்த்தாள். திருவிழா முடியுமுன் அதை யாரும் தொடக்கூடாது. லயத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், யாரும் தடுக்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு லயத்தின் நீளம் முழுக்க நடந்து, பாலத்தைக் கடந்து, இந்தக் கரையின் பழைய கம்பத்தில் கட்டினாள். நான் உதவப் போனேன்.

"கிட்ட வராத," என்றாள். "நாங்க வெளியிலயே இருந்துக்குறோம். வெளியில இருந்தப்ப உயிரோட இருந்தோம்."

முடிச்சைப் போட்டுவிட்டுப் பாலத்தைக் கடந்து திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு அவள் இந்தக் கரையில் கால் வைக்கவில்லை.

போர் முடிந்து பன்னிரண்டு பேரில் மூன்று பேர் திரும்பினார்கள். மச்சான் முதல் மழைக்காலத்திலேயே வாந்திபேதியில் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். அப்பா இறந்தபோது அக்கா லோங்காங்கின் அந்தக் கரைவரை வந்து, எடுத்துக்கொண்டு போகும்வரை நின்றாள். நான் திரும்ப நாளிதழில் சேர்ந்தேன். ஒரு முறை காஜா பெராங் குடியிருப்புகள் எப்படி உருவாயின என்று எழுதச் சொன்னார்கள். யார் எப்போது வந்தார்கள், எந்தப் பாதை எப்போது போடப்பட்டது, எல்லாம் சரியாக எழுதினேன். கிழக்கு எல்லைக்கு, 'இயற்கையாக அமைந்த நீரோடை' என்று காரணம் கொடுத்தேன். அக்கா மகள் அதை அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் அக்கா அந்தக் கரையிலிருந்தே கேட்டாள்:

"லோங்காங்க எழுதியிருக்க. அதத் தாண்டி வந்து எங்களக் கூப்பிட்டது யாருன்னு எழுதலையேடா?"

அவள் இருக்கும்வரையில் நான் அதை எழுதவில்லை.

அப்பாவின் வரைபடம் மட்டும் நிலைத்துவிட்டது. போருக்குப் பின் வந்த வட்டாரப் பிரிவிலும் லயமும் தெருவும் ஒன்றாகவே இருந்தன. கோயில் எல்லை மட்டும் பழையபடி லோங்காங்கில் நின்றது. அது லயத்துப் பெண்களின் பிடிவாதம். அக்காவுக்குப் பின் அவள் மகள். ஆண்டுதோறும் காப்புக் கட்டும் நாளில் வந்து, கொத்து எந்தக் கம்பத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவாள்.

இப்போது லோங்காங்கின் மேல் கான்கிரீட் பலகை போட்டுக் கார் நிறுத்துகிறார்கள். லயம் இல்லை; லயத்துக்காரர்களின் பிள்ளைகள் கட்டிய வீடுகள் இருக்கின்றன. போன மாதம் கோயில் நிர்வாகத்தின் இளைஞர்கள் மூன்று பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். இனிப்பு வாங்கி வந்திருந்தார்கள். இந்த ஆண்டு வேப்பிலையை லோங்காங்கைத் தாண்டி அந்தப் பக்கத்து வீடுகளின் கடைசிக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம்.

"இன்னும் அந்தப் பழைய பிரிவின எதுக்கு, தாத்தா? எல்லாரும் ஒண்ணுதானே. நீங்க பெரியவரு, ஒரு வார்த்த சொன்னீங்கன்னா போதும்."

நல்ல பையன்கள். அப்பா சொன்ன அதே கருத்தை இவர்கள் மனதார, உண்மையாகச் சொன்னார்கள்.

"வேணாம்," என்றேன். "இருக்குற எடத்துலயே இருக்கட்டும். அந்தப் பக்கத்துப் பொம்பளைங்க வந்து கேட்டா நகத்துங்க. நீங்களா நகத்தாதீங்க."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருவன் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது: "கெழவனுக்கு இன்னும் சாதி போகல."

நான் திருத்தவில்லை. அக்காவின் மகளைக் கூப்பிட்டு, இனிப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னேன். வந்தவர்கள் கேட்டதையும் சொன்னேன். அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு, கான்கிரீட் பலகையைக் கடக்கும்போது வேப்பிலை கட்டும் அந்தக் கம்பத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.